வெளியூருக்கு மேட்ச் ஆடப் போகிறீர்களா? வேன் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

2022 மே மாதம், இரவு பதினொன்றரை மணி. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபுட்பால். டை-பிரேக்கரில் நாங்கள் நாலு, அவர்கள் மூணு. அவர்களுடைய கடைசி ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான். ஜெனரேட்டர் ரெண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. மைதானம் முழுக்கக் கும்மிருட்டு. முதல் கல் யார் கையிலிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டாவது கல் எங்கள் பையன் எறிந்தது. அது தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்போது டீமுக்குச் செயலாளர் நான். முதல் பரிசு 15,000 ரூபாய், ஒரு சுழற்கோப்பை. எங்களுக்கு ஆன வழக்குச் செலவு 1,32,000. அந்த வருடம் உலகக்கோப்பை வேலைக்குக் கத்தாருக்கு ஆள் எடுத்தார்கள், அதில் என் பெயரும் இருந்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாமல் போனது, ஃபைனலை ஊர் டீக்கடை டிவியில் பார்த்தேன். எந்த ஊர், எந்தக் கமிட்டி என்று சொல்லப் போவதில்லை. இப்போது அவர்களும் நாங்களும் நல்லபடியாகத்தான் இருக்கிறோம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், ராமேஸ்வரம் தீவுப் பக்கமும் சேர்த்து, புதிதாக டீம் பொறுப்பு எடுத்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டம் எப்படி ஆடுவது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. கூட்டிக்கொண்டு போகிற ஆட்களை எண்ணிக்கை குறையாமல், பெயரில் வழக்கு இல்லாமல் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் விஷயம்.

1. தேதியைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள்

நம் பக்கம் டோர்னமெண்ட் குவிவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம், பள்ளிக்கூடமும் லீவு, ஆட்கள் எல்லாரும் கரையில். ஆடுவதற்கு நல்ல காலம். வம்புக்கும் அதுவே நல்ல காலம், ஏனென்றால் கையில் வேலை இல்லாத ஐந்நூறு பேர் மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். கடைசி வாரத்தில் வலை கட்டுவதும் எஞ்சின் பார்ப்பதுமாகப் பாதி டீம் வராது. அதனால் மே மாதத்துக்குள் முடிகிற போட்டியாகப் பார்த்துச் சேருங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வெளியூர் ஆட்டமே வேண்டாம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி நிகழ்ச்சிகளை ஒட்டி மாவட்டத்தில் வருடாவருடம் தடை உத்தரவு போடுகிறார்கள். முன்பு 144, இப்போது பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163. வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, வழியெல்லாம் செக்போஸ்ட். இருபது இளவட்டம் கொடி பிடித்துக்கொண்டு ஒரு வேனில் போனால் "ஃபுட்பால் சார்" என்று எத்தனை இடத்தில் இறங்கிச் சொல்வீர்கள்?

ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் ஆட்டம் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசையையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். பாம்பன் பாலத்தில் வண்டி நகராது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வாக் ஓவர். அதில் ஆரம்பிக்கிற தகராறு தனி ரகம்.

2. நடத்துகிற கமிட்டியிடம் போனில் கேட்டுவிடுங்கள்

நோட்டீஸில் பரிசுத் தொகையும் விருந்தினர் படமும்தான் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது எதுவும் அதில் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டேஷனில் அனுமதி வாங்கியாச்சா என்று முதலில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், "அண்ணே, எங்க ஊர்ப் பெரியவங்க கேக்குறாங்க" என்று பழியை அவர்கள் மேல் போடுங்கள். அனுமதி இருந்தால் ரெண்டு போலீசாவது வந்து நிற்பார்கள். எழுத்தில் இல்லாமல் "அதெல்லாம் சொல்லியாச்சு தம்பி" என்று பதில் வந்தால், அந்த ஊருக்கு டீம் மட்டும் போகட்டும், ஆதரவாளர் கூட்டம் வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். லைட்டுக்குக் கரண்டா, ஜெனரேட்டரா? ஜெனரேட்டர் என்றால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் டீசல் இருக்கிறதா? இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கரண்ட் போனால் என்ன செய்வார்கள், அந்த ஆட்டம் திரும்ப எப்போது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். மைக் அணைந்துவிட்டால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரே கருவியும் போய்விடும். ஆட்டம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய் உங்கள் ஆட்டம் பதினொன்றுக்குத்தான் என்றால், முன்னதாகப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தூரத்து ஊர்க்காரர்களுக்கு முதல் ஆட்டம் கொடுக்கிற கமிட்டிகள் இருக்கின்றன.

கடைசியாக விதிமுறைத் தாள். வெளி பிளேயர் எத்தனை பேர் இறக்கலாம், புரோட்டஸ்ட் பணம் (முடிவை எதிர்த்து முறையிடக் கட்டுகிற தொகை) எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்குள் கட்ட வேண்டும், ரெஃப்ரி எந்த ஊர்க்காரர். மைதானத்தில் நடக்கும் சண்டையில் பாதிக்கு மேல் "அவன் உங்க ஊர்க்காரனே இல்ல" என்பதில் தொடங்குகிறது என்பது என் அனுபவம். தாளை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பன்னிரண்டு மணிக்கு மாறிவிடும்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். அது விளையாடாத ஆளிடம் இருக்க வேண்டும். பூட்ஸ் பையில் வைத்தால் கடைசி நேரத்தில் தேட வேண்டியிருக்கும்.

உள்ளே: மாற்று ஆட்களோடு சேர்த்துப் பத்து பிளேயரின் ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டிய டீம் பட்டியல், நுழைவுக் கட்டண ரசீது, அந்த விதிமுறைத் தாள், வேனின் ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் நகல்கள். இதோடு, வேனில் வருகிற எல்லாருடைய பெயர், வயது, வீட்டு நம்பர், ரத்த வகை எழுதிய ஒரு தாள். இதில் ரெண்டு நகல். ஒன்று உங்களிடம், இன்னொன்று ஊரில் ஜமாத்திலோ கோயில் கமிட்டியிலோ பொறுப்பான ஒருவரிடம். எங்கள் வழக்கில் நடந்தது என்ன என்றால், அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த ஒரு பையன் பெயரும் புகாரில் வந்துவிட்டது. அவன் வரவில்லை என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பையன் ஆடுகிறான் என்றால் அவன் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் வருகிறேன் என்கிற சின்னப் பையன்களை ஏற்ற வேண்டாம். எவ்வளவு அழுதாலும் வேண்டாம்.

4. வண்டி

குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து ஆனால் இன்சூரன்ஸ் நிற்காது. அதைவிட முக்கியம், திறந்த வண்டியில் நிற்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு ஊர் விலக்கிலும் ஒரு கூச்சல், ஒரு விசில். திரும்பி வரும்போது அதே விலக்கில் பத்துப் பேர் நிற்பார்கள். பைக் ஊர்வலமும் அப்படித்தான். நாற்பது பைக் ஒன்றாகப் போவது பார்க்க அழகு, ஆனால் அடிதடி என்றால் நாற்பது பேரும் நாற்பது திசையில் ஓடுவார்கள், கடைசிப் பைக்காரன் மாட்டுவான்.

மஞ்சள் போர்டு வேன் எடுங்கள். தெரிந்தவர் வண்டி என்று வெள்ளை போர்டை வாடகைக்கு எடுத்தால் இன்சூரன்ஸ் விஷயத்தில் அதே சிக்கல்தான். டிரைவரிடம் மூன்றே மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்த வேண்டும், மைதானத்துக்கு உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆட்டம் முடியும்வரை தூங்கக் கூடாது. அன்றைக்கு எங்கள் டிரைவர் நல்ல தூக்கம். வண்டி சீமைக்கருவேலத்துக்குள் மூக்கை விட்டபடி நின்றது. ரிவர்ஸ் எடுப்பதற்குள் பின்கண்ணாடி போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, சட்டையைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

5. செலவுக் கணக்கு

போன தடவை ஒரு 21 சீட் வேனில் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தோம். அந்தக் கணக்கு:

வேன் வாடகை 7,000
டிரைவர் பேட்டா 500
நுழைவுக் கட்டணம் 1,500
இரவுச் சாப்பாடு, ஆளுக்கு 120 வீதம் 2,520
டீ, தண்ணீர் கேன் 600
ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ், பஞ்சு, பிளாஸ்டர் 450

மொத்தம் 12,570. ஆளுக்கு 400 வசூலித்ததில் 8,400 வந்தது. மீதி 4,170 டீம் நிதி. தூரத்தைப் பொறுத்து உங்களுக்குக் கூடும், குறையும்.

சாப்பாட்டை அந்த ஊரில் வைக்காதீர்கள். போகிற வழியில் ராமநாதபுரத்திலோ வேறு பெரிய ஊரிலோ ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆட்டத்துக்குப் பின்னால், தோற்ற கடுப்பில் அந்த ஊர் புரோட்டாக் கடையில் போய் உட்காருவதைப் போல மடத்தனம் வேறு கிடையாது. ஜெயித்துவிட்டு உட்காருவது அதைவிட மடத்தனம்.

வசூல் பணத்தைக் கிளம்புகிற நாளைக்கு முன்தினமே வாங்கிவிடுங்கள். "வந்து தர்றேன் மாப்ள" என்கிறவன் வண்டியில் ஏறக் கூடாது. இதில் காசைவிட வேறு ஒரு லாபம் இருக்கிறது. முன்கூட்டியே 400 ரூபாய் கொடுத்து வருகிறவன் ஆட்டம் பார்க்க வருகிறான். கடைசி நிமிடம் ஓடிவந்து தொற்றுகிறவன் வேறு எதற்கோ வருகிறான்.

6. யாரை ஏற்றுவது

விளையாடுகிறவர்களைவிட ஆதரவாளர்கள் அதிகம் போகக் கூடாது. எங்கள் கணக்கு பத்து பிளேயர், ஒன்பது ஆதரவாளர், நான், கூட ஒரு பெரியவர். கூட்டம் அதிகமானால் பலம் என்று நினைப்போம். வெளியூரில் நீங்கள் எத்தனை பேர் போனாலும் அவர்கள் அதைப்போல் பத்து மடங்கு.

அந்தப் பெரியவர்தான் முக்கியம். அவருக்கு ஃபுட்பால் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஊரில் அவருக்குப் பெண் கொடுத்த வீடோ, எடுத்த வீடோ, சேர்ந்து தொழில் பார்த்த ஆளோ இருக்க வேண்டும். அன்றைக்கு இருட்டில் எங்களைக் காப்பாற்றியது போலீஸ் இல்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், கடலுக்குப் போகும் பெரிய டார்ச்சை அடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, எங்களோடு வந்த பெரியவரை, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நீயா? ஒம் புள்ளைங்களா இதுங்க?" என்றார். அந்த டார்ச் வெளிச்சத்தின் பின்னாலேயே நடந்துதான் வேனுக்குப் போனோம். அன்றைக்குக் காக்கா வந்ததே தற்செயல். அந்த ஊரில் அவருக்கு ஒரு பாக்கி வசூலாக வேண்டியிருந்தது.

குடித்திருக்கிறவனை ஏற்றாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் வழியில் குடிப்பவன்தான் பிரச்சினை. கிளம்பிய பிறகு வண்டி ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும், அது சாப்பாட்டுக் கடை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

7. வாய், கொடி, மேளம்

கல் கடைசியில்தான் வரும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வாய் ஆரம்பித்திருக்கும். எங்களுக்கும் அப்படித்தான். அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, எந்த ஊருக்குத்தான் இல்லை? எங்கள் பையன்கள் டிரம் செட் தாளத்தில் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். முதல் பாதியில் அந்த ஊர்க்காரர்களே சிரித்தார்கள். ரெண்டாவது பாதியில் பாட்டில் மீன் வாடையைச் சேர்த்தார்கள். பாடியவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் மீன்தான் தொழில், ஆனாலும் வெளியூர்க்காரன் வாயிலிருந்து வந்தால் அது வேறு அர்த்தம். மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற முகங்கள் மாறியதை நான் பார்த்தேன். மேளத்தை நிறுத்தச் சொல்லாமல் நின்றேன். இந்தக் கதையில் என் தப்பு அதுதான்.

அதனால் எங்கள் டீமில் இப்போது இருக்கும் கட்டுப்பாடு: நம் பிளேயர் பெயரைச் சொல்லி மட்டும் கத்தலாம். எதிர் ஊர் பெயரே வாயில் வரக் கூடாது. சாதி, மதம், தொழில், வீட்டுப் பெண்கள் பற்றி ஒரு சொல் வந்தாலும் அவன் அடுத்த வேனில் கிடையாது.

இது நல்லொழுக்கப் பாடம் இல்லை, செலவுக் கணக்கு. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதுக் குற்றவியல் சட்டம்) 296(பி). மதத்தை இழுத்தால் 196, அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனை அடைத்துவிடுகிறது. ஒரு பாட்டுக்காக யாரும் உள்ளே போக வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். தலைவர் படம் போட்ட டீ-ஷர்ட், எந்தத் தலைவராக இருந்தாலும், வேண்டாம். டீம் கொடி ஒன்று போதும். கம்பு மூங்கிலில் இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் பைப்பில் இருக்கட்டும். ஏன் என்று உங்களுக்கே புரியும். எதிர் ஊர்த் தோரணத்தை, கொடியைத் தொடக்கூடக் கூடாது. ஜெயித்த சந்தோஷத்தில் அதை அறுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடிய டீம்களை எனக்குத் தெரியும்.

இன்ஸ்டாகிராம்தான் இப்போது புதுத் தலைவலி. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே ரீல்ஸ் போட்டு "வர்றோம்டா" என்று ஆரம்பிக்கிறார்கள். முன்பெல்லாம் பகை மைதானத்தில் தொடங்கும், இப்போது மைதானத்துக்கு வரும்போதே பழுத்துவிடுகிறது. டீம் பக்கத்தின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஆட்டம் முடிந்து ரெண்டு நாளைக்கு எந்த வீடியோவும் போடாதீர்கள், ஜெயித்திருந்தாலும். அந்த வீடியோவைத்தான் எஸ்.ஐ. முதலில் பார்ப்பார்.

8. மைதானத்தில் எங்கே நிற்பது

போனதும் வெளியே போகிற வழி எது என்று பாருங்கள். கோல் போஸ்ட் எங்கே இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். நம் ஊர் மைதானங்களில் கேலரி கிடையாது. ஒரு பக்கம் கருவேலங்காடு, ஒரு பக்கம் சுவர், கயிறு கட்டி வழி விட்டிருப்பார்கள். அந்த வழிக்கும் வேனுக்கும் இடையில் நம் ஆட்கள் நிற்க வேண்டும். எல்லாரும் ஒரே இடத்தில். கோல் போஸ்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், அங்கேதான் உள்ளூர் இளவட்டம் கூடும். கோல்கீப்பருக்கு முதுகுப் பக்கமாக வருகிற வசவுக்கு நீங்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

இரண்டு ஊர் ஆதரவாளர்களும் கலந்து நிற்பது நல்லிணக்கம் போலத் தோன்றும். கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற ரெண்டு கிளப்பின் ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் ஒரு ஃபவுல், அது கேலரிக்கு ஏறி, நெரிசலில் 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். தனித்தனியாக நிற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இந்தோனேசியாவில் 2022 அக்டோபர் 1, மலாங் நகரத்து மைதானத்தில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். அங்கே வெளியூர் ஆதரவாளர்களே உள்ளே இல்லை, டிக்கெட் கொடுக்கவில்லை. சொந்த ஊர்க்காரர்கள் தோற்ற கோபத்தில் களத்துக்குள் இறங்கினார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது, வாசலில் நெருங்கி 135 பேர் இறந்தார்கள். சண்டை பெரிதாக வேண்டியதே இல்லை, வெளியேறும் வழி சின்னதாக இருந்தால் போதும்.

ஒவ்வொருவர் கையிலும் டார்ச் உள்ள போன் இருக்கட்டும், சார்ஜ் பாதிக்கு மேல். லைட் போனால் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும், போன் வெளிச்சத்தைத் தரையில் அடிக்க வேண்டும். நிற்கிறவன்தான் கல் எறிகிறான், அல்லது வாங்குகிறான். இதை வேனிலேயே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

9. விசில் அடித்த பிறகு 15 நிமிடம்

அடி விழுவது பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை, இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்.

கடைசி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆதரவாளர்கள் நகரத் தொடங்க வேண்டும். ஆமாம், கடைசி ஐந்து நிமிடத்தைத் தியாகம் செய்யுங்கள். டை-பிரேக்கர் என்றால் வேன் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளேயர்கள் எதிர் டீமுக்கும் ரெஃப்ரிக்கும் கை கொடுத்துவிட்டு ஒன்றாக வர வேண்டும். பூட்ஸை வேனில் கழற்றிக்கொள்ளலாம். பரிசு வாங்க இருந்தால் கேப்டன், பெரியவர், இன்னொரு ஆள், மூன்று பேர் மட்டும் மேடைக்குப் போகட்டும். மற்றவர்கள் வண்டிக்குள். கோப்பையைத் தூக்கிக் காட்டுவது, சட்டையைக் கழற்றிச் சுற்றுவது எல்லாம் ஊர் எல்லை தாண்டி.

ரெஃப்ரி மேல் கோபம் இருந்தால் புரோட்டஸ்ட் பணத்தைக் கட்டி எழுதிக் கொடுங்கள். தோற்றுப்போனாலும் ரசீது வாங்குங்கள். பாதியில் ஆட மாட்டேன் என்று வெளியே வந்துவிடாதீர்கள், அதில் கோபம் கூட்டத்துக்குப் போய்விடும். 2012 டிசம்பர் 9, அதே ரெண்டு கிளப்பும் மோதிய கொல்கத்தா டெர்பியில் மோகன் பகான் வீரர் ரஹீம் நபி முகத்தில் கேலரியிலிருந்து வந்த கல் பட்டது. அந்த அணி ரெண்டாவது பாதிக்கு இறங்கவில்லை. அவ்வளவு பெரிய கிளப்புக்கே இறங்காததற்காகத் தண்டனை வந்தது, கல் பட்டவர்கள் அவர்கள்தான் என்றாலும். நம் கமிட்டியா விட்டுவிடும்?

வண்டி கிளம்புவதற்கு முன் தலையை எண்ணுங்கள். ஒருத்தன் குறைந்தால் ஒரே ஆள் தேடப் போகக் கூடாது. பெரியவரும், அந்த ஊர்க் கமிட்டி ஆள் ஒருவரும் சேர்ந்து போகட்டும்.

10. அதையும் மீறி அடிதடி ஆகிவிட்டால்

முதலில் 108. போலீசுக்கு 112. காயம் பட்டவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சின்ன வெட்டு என்று தனியார் கிளினிக்கில் ரெண்டு தையல் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவது பெரிய தப்பு. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி, எப்போது, எத்தனை பேரால் என்று டாக்டரிடம் சொல்வது அப்படியே அதில் போகும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். எங்கள் பையன் ரோஷத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவன் நெற்றியில் ஏழு தையல், வழக்கில் அது பூஜ்யம்.

அன்றைக்கு ராத்திரியே சம்பவம் நடந்த எல்லை ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். நம் ஊர் ஸ்டேஷனில் கொடுத்தால் அங்கே அனுப்பி இங்கே வருவதற்குள் எதிர்த் தரப்புப் புகார் முன்னால் நிற்கும். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு நகல் இலவசம். எதிர்த் தரப்பு உங்கள் மேல் போட்டிருக்கிறதா என்று தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

எங்கள் வழக்கு பழைய ஐ.பி.சி.யில் 147, 148, 294(பி), 323: கலவரம், ஆயுதத்தோடு கலவரம், ஆபாசப் பேச்சு, அடித்துக் காயப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடக்கிற சம்பவத்துக்கு பி.என்.எஸ். வரும். கலவரத்துக்கு 191, ஆயுதம் இருந்தால் ஐந்து வருடம் வரைக்கும். உடைந்த பாட்டிலும் ஆயுதக் கணக்கில் வரலாம். ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம், ஒருவன் செய்ததற்கு எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். செவன்ஸ் டீமே ஏழு பேர், கணக்கு ஏற்கெனவே சரியாக இருக்கிறது. வண்டிக் கண்ணாடி, நாற்காலி உடைந்தால் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் என்று ஊரில் சொல்லப்படும் 1992-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமும் சேரும், அது தனியார் சொத்துக்கும் பொருந்தும்.

ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பிரிவுகளில் பெரும்பாலும் உடனே கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுப்பார்கள். நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். சொன்ன தேதியில் வக்கீலோடு ஆஜராகுங்கள். ஓடினால்தான் கைது.

இப்போது எல்லாரும் விழுகிற குழி. ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து சமாதானம் பேசி, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துப் பிரிவார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு அந்தத் தாளுக்கு ஸ்டேஷனில் மதிப்பு கிடையாது. வழக்கு அதுபாட்டுக்குப் போகும், குற்றப்பத்திரிகை போகும், கோர்ட் எண் விழும். நீங்கள் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும்போதுதான் தெரியவரும். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. சமாதானம் ஆகிவிட்டால், அதைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். புகார் கொடுத்தவரும் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டால் இழுக்கும். எங்களில் 11 பேருக்கு ஆளுக்கு 12,000 ஆனது. 2022 மே-யில் ஆடிய ஆட்டம் 2024-இல் முடிந்தது.

நடுவில் அவசரமாகப் போக வேண்டியிருந்தால்: கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதும் பாஸ்போர்ட் கிடைக்க வழி இருக்கிறது. வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கி இணைக்க வேண்டும். மனுவில் எத்தனை வருடம் என்று கேளுங்கள். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள், வளைகுடா கம்பெனிக்காரன் அதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவான். விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மறைத்தது தனிக் குற்றம். இங்கிலாந்தில் கால்பந்து ரவுடிகளுக்கு நீதிமன்றம் குறைந்தது மூன்று வருடம் மைதானத் தடை போட்டு, அவர்கள் அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் வீட்டுக்கு ஒருவர் சபுராளி (வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்), அதனால் பலன் என்னவோ அதேதான்.

11. அவர்கள் நம் ஊருக்கு வரும்போது

மேலே சொன்னதை எல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வேன் நிறுத்த ரோட்டுப் பக்கம் இடம், நிற்க மைதானத்தில் தனிப் பக்கம், குடிக்க ஒரு கேன் தண்ணீர், முதல் ஆட்டம். அந்த ஊரில் சம்பந்தம் உள்ள நம் ஊர்க்காரர் ஒருவரை அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஜெனரேட்டருக்கு ஐந்து லிட்டர் டீசல் கூடுதலாக வாங்கி வைத்து, பக்கத்திலேயே ஓர் ஆளை நிறுத்துங்கள். போன வருடம் எங்கள் ஊரில் அந்த ஆள் நான்தான். அந்தப் பழைய ஊர்தான் ஃபைனலுக்கு வந்திருந்தது. மூன்று கோல் விழுந்ததாம், நான் டீசல் அளவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.